ஃபின்லாந்தின் கறுப்பு ரொட்டியும் கொஞ்சம் பித்தநீரும்

ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து பக்கத்துப் பாரம்பரியச் சாப்பாடு இதயத்துக்கு நல்லது என்று இப்போது எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். மீன், ஓட்ஸ், ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டி, காட்டுப் பழங்கள். சரிதான். ஆனால் 1970 வாக்கில் உலகத்திலேயே ஆண்கள் மாரடைப்பில் மிக அதிகமாகச் செத்துக்கொண்டிருந்த நாடு ஃபின்லாந்து, அதிலும் மோசம் ரஷ்ய எல்லையை ஒட்டிய வட கரேலியா. மரம் வெட்டிப் பிழைக்கிற, தொப்பை என்றால் என்னவென்றே தெரியாத ஆட்கள் நடுவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். அவர்கள் சாப்பிட்டதும் பாரம்பரியச் சாப்பாடுதான்.

அப்போ அந்தத் தட்டில் எது காப்பாற்றியது, எது கவிழ்த்தது? பதில் பெரும்பாலும் கல்லீரலில் இருக்கிறது.

கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதிலுள்ள பித்த அமிலங்களைக் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாரிக்கிறது. வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும், அவ்வளவு சிக்கனம். இதில் கைவைப்பதுதான் ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கிற பீட்டா குளுக்கான் என்ற நார். ஓட்ஸ் கஞ்சி ஆறும்போது கொழகொழவென்று ஆகுமே, அதற்குக் காரணம் இதுதான். இந்தப் பசையில் மாட்டிக்கொண்ட பித்த அமிலம் திரும்பிப் போக முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அதற்குக் கச்சாப்பொருள் வேண்டும், ஆகவே தன் செல்களின் மேல் கூடுதலாகக் கொக்கிகளை நீட்டி ரத்தத்தில் போகிற எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் போனாலே வித்தியாசம் தெரியும். ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ்.

வெண்ணெய் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு அதே கொக்கிகளைக் குறைத்துவிடுகிறது. கரேலியாவில் ரொட்டியில் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், குடிக்க ஆடை எடுக்காத பால், எல்லாவற்றிலும் உப்பு.

இதில் யாரும் சந்தேகப்படாத ஆசாமி ஒருவர் உண்டு: காபி. அங்கே பழைய வழக்கப்படி கொரகொரப்பாக அரைத்த தூளைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, தூள் அடியில் தங்கியதும் அப்படியே ஊற்றிக் குடிப்பார்கள். காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது கல்லீரலின் பித்த அமிலத் தயாரிப்பையே மட்டுப்படுத்திவிடும். காபி குடித்தால் பித்தம் ஏறும் என்று நம் வீட்டில் சொல்வார்கள். இங்கே கதை தலைகீழ், பித்தம் குறைந்து கொலஸ்ட்ரால் ஏறுகிறது! நார்வேயின் ட்ரோம்சோ நகரத்து ஆய்வாளர்கள் 1983இல் காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார்கள், காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. காகிதத்தில் வடிகட்டினால் கஃபெஸ்டால் காகிதத்திலேயே நின்றுவிடும். நம் எவர்சில்வர் ஃபில்டரின் துளைகளை அந்தக் காகிதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வட கரேலியாவில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய், உப்பைக் குறை, சிகரெட்டை விடு. வீடு வீடாகப் போய் அதே பழைய குழம்பை வேறு மாதிரி வைக்கச் சொல்லித்தந்தது உள்ளூர் மகளிர் சங்கம், என்னைக் கேட்டால் பாதி வெற்றி அவர்களுடையது. சுமார் நாற்பது ஆண்டுகளில் வேலை பார்க்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பின்னால் வந்த சிகிச்சைகளுக்கும் இதில் பங்குண்டு, ஆனால் கொலஸ்ட்ரால் இறங்கியதுதான் பெரிய காரணம்.

ரை ரொட்டியை மட்டும் யாரும் கைவிடச் சொல்லவில்லை. கறுப்பாக, புளிப்பாக, கல் மாதிரி கனக்கிற ரொட்டி. மேற்கு ஃபின்லாந்தில் நடுவில் ஓட்டை போட்டுச் சுட்டு, கம்பில் கோத்துக் கூரைக்கடியில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். வெள்ளை ரொட்டி சாப்பிட்டாலும் இதைச் சாப்பிட்டாலும் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறுகிறது, ஆனால் ரைக்கு இன்சுலின் குறைவாகவே சுரக்கிறது. இதைப் பார்த்து ஆய்வாளர்களே முதலில் குழம்பினார்கள். வெள்ளை ரொட்டி பஞ்சு மாதிரி, வயிற்றில் உடனே தூளாகிவிடும். ரையின் மாவுச்சத்து நெருக்கி அடைபட்டிருப்பதால் கட்டிகட்டியாகவே நின்று மெதுவாகக் கரைகிறது, அதனால் குறைந்த இன்சுலினே போதுமாகிறது. செரிக்காத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் தயாரிக்கின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு.

ஸ்வீடனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்த 88 பேரில் ஒரு பகுதியினருக்கு இப்படித் திருத்திய வட ஐரோப்பியச் சாப்பாட்டை 6 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எல்டிஎல் 21 சதவீதம் இறங்கியது. வயிறாரத்தான் சாப்பிட்டார்கள், இருந்தும் எடை கொஞ்சம் குறைந்தது, அதற்கும் இதில் பங்கிருக்கும்.

வெண்ணெய் விற்பனை விழுந்ததும் கரேலியாவின் பால் விவசாயிகள் சும்மா இருப்பார்களா? கோபப்பட்டார்கள். பழம் பயிரிடுங்கள் என்று திட்டக்காரர்களே உதவிக்கு வர, மாட்டை விட்டுப் பழத்துக்கு மாறியவர்களும் உண்டு. காட்டிலோ பில்பெர்ரி சும்மாவே கிடைக்கும், யாருடைய காடானாலும் யாரும் பறிக்கலாம் என்பது அங்கே பழைய உரிமை. கடையில் விற்கிற புளூபெர்ரியைப் பிய்த்தால் உள்ளே வெளுப்பு, பில்பெர்ரி உள்ளே வரைக்கும் கருநீலம். ஆகஸ்டில் பறிக்கப் போனவர்களின் விரலையும் பல்லையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.