இறந்தவரின் கடிகாரத்தை நிறுத்துவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஆடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஆட்டத்தில் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) 3ஆம் லெவல்தான். கூட வந்த போர்வீரன் செத்துவிட்டால், உயிர்ப்பிக்கும் மந்திரம் கைக்கு வரும்வரை ஏதாவது வழி உண்டா?”

உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

உயிர்ப்பிக்கும் மந்திரம் ஒவ்வொன்றுக்கும் இறந்து எவ்வளவு நேரத்துக்குள் போட வேண்டும் என்ற ஒரு கெடுவும் ஒரு விலையும் இருக்கும். ரிவிவிஃபைக்கு 1 நிமிடம், 300 தங்கக் காசு பெறும் வைரம். கிளெரிக்குக்கு 5ஆம் லெவலில் கிடைக்கும். ரெய்ஸ் டெட்டுக்கு 10 நாள், 500 காசு. ஆனால் 9ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 200 ஆண்டு, 25,000 காசு.

சரி, ஓட்டை எங்கே? ஜென்டில் ரிபோஸ் என்ற சின்ன மந்திரத்தில். 3ஆம் லெவல் கிளெரிக்கே போடலாம். ஒரு சிட்டிகை உப்பு, பிணத்தின் கண்ணுக்கொரு செப்புக்காசு என இரண்டு காசு, அவ்வளவுதான். 10 நாள் வரை உடல் அழுகாது. அதன் கடைசி வரிதான் எனக்கு உயிர்: இந்த மந்திரத்தின் கீழ் கழியும் நாட்கள், ரெய்ஸ் டெட் போன்றவற்றின் கெடுவில் சேராது.

இப்போது கணக்குப் போடுங்கள். சண்டையில் ஒரு சுற்று 6 விநாடி. ஒரு நிமிடம் என்பது 10 சுற்று. இறந்து 24 விநாடியில் இதைப் போட்டால் கடிகாரம் அங்கேயே நிற்கிறது, மீதி 36 விநாடி பத்திரமாக இருக்கிறது. சடங்காகச் செய்தால் ஸ்லாட் (ஒரு நாளில் இத்தனை முறைதான் மந்திரம் போடலாம் என்ற அளவு) செலவில்லை, ஆனால் 10 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் முதல் முறை ஸ்லாட் கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம் பழையது முடிவதற்குள் சடங்காகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மாதக்கணக்கில்கூட. காசு கண்ணிலேயே இருக்க வேண்டும் என்பதால் துணியால் கட்டிவிடுவது நல்லது.

விதி ‘நாட்கள்’ என்றுதானே சொல்கிறது, நிமிடக் கெடுவுக்கு எப்படிப் பொருந்தும் என்று சில டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) மறுப்பார்கள். நாளே கணக்கில் சேராதபோது அதற்குள் இருக்கும் நிமிடம் எப்படிச் சேரும்? அனுமதிப்பதுதான் நியாயம் என்பேன். தோழனின் உடலைச் சுமந்துகொண்டு லெவல் ஏறும் குழுவின் கதை வேறெதிலும் கிடைக்காது.

நேரத்தை நிறுத்தி வைக்கும் இந்த யோசனை வெறும் கற்பனையும் அல்ல. மகாதமனி வளைவு அறுவைச் சிகிச்சையில் உடலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். குளிர்ந்த மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவாகவே தேவை. இத்தகைய ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். துண்டான உறுப்பை ரிவிவிஃபை திருப்பித் தராது, முதுமையால் இறந்தவரையும் எழுப்பாது. உங்கள் போர்வீரன் முழு உடலோடு கிடந்தால், 9ஆம் நாளே சடங்கை முடித்துவிட்டு, 300 காசு வைரத்தை இப்போதிருந்தே தேடுங்கள்.