சூடு கண்டும் அடுப்பங்கரை போகும் பூனை

"ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தாச்சு. சில பேருக்கு ஏன் உறைக்கவே மாட்டேங்குது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தன் உறவினர் ஒருவரை நினைத்துக் கேட்கிறார். பார்த்திராத ஆளுக்கு நோய்ப் பெயர் சூட்ட நான் தயாரில்லை. கேள்வி மட்டும் அருமையானது.

இந்தக் கேள்வி வந்தாலே நினைவுக்கு வருவது சமூக விரோத ஆளுமைக் கோளாறு. அதன் அடையாளங்கள் இவை: சட்டத்தை மதிக்காமை, கூசாமல் பொய், முன்பின் யோசிக்காத அவசரம், அடிதடி, ஆபத்தைப் பொருட்படுத்தாமை, வேலையிலும் கடனிலும் பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி இந்த ஏழில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். 15 வயதுக்குள்ளேயே நடத்தைக் கோளாறு (அடிதடி, திருட்டு, விதிமீறல் என்று தொடரும் சிறுவயதுப் போக்கு) தலைகாட்டியிருக்க வேண்டும். நாற்பது வயதில் திடீரென மாறிப்போனவருக்கு வேறு காரணம்தான் தேட வேண்டும். அந்த வேறு காரணம் ஏழரைச் சனி இல்லை.

சரி, உறைக்காத விஷயத்துக்கு வருவோம். 1957-இல் டேவிட் லிக்கன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கருவி செய்தார். முன்னால் நான்கு நெம்புகோல்கள். ஒன்றுதான் சரி, அதை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இப்படி 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மூன்று தவறான நெம்புகோல்களில் ஒன்று ஷாக் அடிக்கும். ஆக, ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு பாடங்கள்: வழியைக் கண்டுபிடிப்பது, ஷாக் அடிப்பதைத் தொடாமலிருப்பது.

குற்ற உணர்வோ பதற்றமோ இல்லாத குற்றவாளிகள் சிலரையும் சாதாரண ஆட்களையும் இதில் உட்காரவைத்தார். வழியை எல்லோருமே ஒரேபோலக் கற்றார்கள். மூளை மந்தமில்லை. இரண்டாவது பாடம்தான் அந்தக் குற்றவாளிகளுக்கு ஏறவில்லை. ஷாக் அடித்த நெம்புகோலையே திரும்பவும் தொட்டார்கள்.

நமக்கெல்லாம் கை அந்தப் பக்கம் நகரும்போதே வயிற்றில் ஏதோ புரளும்; யோசிப்பதற்குள் கை பின்வாங்கிவிடும். சூடு கண்ட பூனையை விலக்குவது அந்த முன்பயம்தான், சூட்டின் ஞாபகம் மட்டுமில்லை. 1965-இல் ராபர்ட் ஹேர் என்ற கனடா உளவியலாளர் இதை உள்ளங்கை வியர்வையிலேயே அளந்தார். 1 முதல் 12 வரை எண்கள் வரிசையாக வரும், 8 வந்தால் ஷாக் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு எட்டை நெருங்க நெருங்க வியர்வை கூடியது. சைக்கோபதி வகைக் கைதிகளிடம், அதாவது குற்ற உணர்வும் இரக்கமும் அற்றவர்களிடம், அந்த ஏற்றம் மிகக் குறைவு. வரப்போகிறது என்று அவர்களுக்கும் தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் 'பயமற்றவர்கள்' என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் 1970-இல் வெளியான ஓர் ஆய்வில் ஷாக்குக்குப் பதிலாகப் பணம் பறிபோகும் என்றபோது இதே வகை ஆட்கள் தவறை நன்றாகவே தவிர்த்தார்கள்! 1987-இல் ஜோசப் நியூமன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு வைத்த சீட்டாட்டம் இன்னும் சுவாரசியம். முதல் பத்துச் சீட்டில் பெரும்பாலும் ஜெயிப்பு; பத்துக்குப் பத்து ஜெயிப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் எல்லாமே தோல்வி. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். மற்றவர்கள் எழுந்தார்கள்; இவர்கள் தோற்றுக்கொண்டே ஆடினார்கள். அப்புறம் ஒரு சிறு மாற்றம்: இதுவரையான வரவு செலவைக் காட்டி, ஒவ்வொரு சீட்டுக்கும் பிறகு ஐந்து விநாடி கட்டாயமாகக் காத்திருக்கவைத்தார்கள். இவர்களும் நேரத்தோடு ஆட்டத்தை விட்டார்கள். வெறும் ஐந்து விநாடி! பரிசின் மீது கவனம் குவிந்துவிட்டால் எச்சரிக்கை உள்ளே நுழைய இடமில்லாமல் போகிறது என்பது நியூமனின் விளக்கம். பயக்குறைவா, கவனக்குறைவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு நியூமன் பக்கம்தான் சாய்வு.

இந்தச் சோதனைகள் எல்லாம் இக்கோளாறுள்ளவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றியவை. சிறுவயதுக் கொடுமை, போதை, மரபு என்று மற்றவர்களுக்குப் பாதைகள் வேறு. இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது.

நம்பிக்கை இருப்பது குழந்தைப் பருவத்தில். 2005-இல் ஆஸ்திரேலியாவில் ஹாஸ், டாட்ஸ் இருவரும் 4 முதல் 8 வயதுச் சிறுவர்களின் பெற்றோருக்குப் பயிற்சி தந்து பார்த்தார்கள். ஈரமற்ற சுபாவமுள்ள பையன்களிடம் தனியே உட்காரவைக்கும் தண்டனை அவ்வளவாக எடுபடவில்லை. நல்லதைச் செய்தவுடன் பாராட்டுவதும் பரிசு தருவதும் மற்றப் பையன்களைப் போலவே அவர்களிடமும் வேலை செய்தன. மூளைப் படம் எடுக்கும் இயந்திரங்களுக்குப் பணம் கொட்டுபவர்கள் இந்த மாதிரிப் பெற்றோர் பயிற்சிக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். செலவும் குறைவு.