பழைய கொலு பொம்மைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

புரட்டாசி நெருங்கும்போது பழுது பார்க்க என்னிடம் வரும் பழைய பொம்மைகளில் பலவற்றை ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்துக் கெடுத்திருப்பார்கள். போன வாரம் வந்தது ஒரு மண் தசாவதார செட். பத்துக்கும் பளபள எனாமல். நரசிம்மர் மடியில் கிடக்கும் இரணியனின் கண்ணும் மீசையும் அந்தப் பூச்சுக்குள் மூழ்கிவிட்டன. "கொள்ளுப்பாட்டி காலத்துது சார், மங்கிப்போச்சேன்னு புதுசாக்கினோம். இப்ப என்ன விலை போகும்?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மங்கல் என்பது அழுக்கு அல்ல. வெள்ளை பூசி, அதன்மேல் பசை கலந்த தூள் வண்ணத்தில், ஒரே இழுப்பில் புருவம் தீட்டிய கைவினைஞரின் வேலை அது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதும் அந்த நிறத்தைத்தான். விரல் உடைந்த பொம்மையைக்கூட ஆசையாக வாங்குவார்கள். பெயின்ட் அடித்ததைக் கீழே வைத்துவிடுவார்கள். "வார்னிஷ் மட்டும்தானே அடிச்சோம்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். பிறகு சுரண்டி எடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எனாமலைக் கரைக்கும் திரவம் அடியிலுள்ள பழைய நிறத்தையும் சேர்த்தே கெடுத்துவிடக்கூடும்.

வயது தெரிய வேண்டுமா? பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள். மண் பொம்மையின் உட்குழிவில் அச்சுக்குள் மண்ணை அழுத்திய கட்டைவிரல் தடம் இருக்கும். காகிதக்கூழ் பொம்மைக்குள் ஒட்டிய தாளில் தேதி தெரிந்தால், பொம்மை அதற்கு முந்தியது அல்ல என்று மட்டும் சொல்லலாம்; அந்த வருடமே செய்தது என்று சொல்ல முடியாது. மரப்பாச்சியில் கைபட்ட மூக்கும் தோளும் தேய்ந்து, இடுக்குகள் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், பழசுபோல் காட்டத் தேய்த்த உப்புத்தாள் வேலையோ என்று சந்தேகப்படுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பீங்கான் பொம்மை வாங்குபவர்கள் அடிப்பக்க முத்திரையைப் படிக்க வேண்டும். 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்று இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, 1952 வரையிலான காலத்தது. நூற்றாண்டுப் பழசு என்று விலை சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எடை குறைந்து, தேய்த்தால் கற்பூர வாசம் வரும் பழைய பாப்பா பொம்மை செல்லுலாய்டாக இருக்கலாம். நெருப்பைக் கண்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். கொலுப்படியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். தீக்குச்சி காட்டிச் சோதிக்கவும் வேண்டாம்.

மண் பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஈரத்துணியும் ஆகாது. மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். நிறம் உதிர்ந்தால் அதையும் நிறுத்துங்கள். செய்தித்தாள் வேண்டாம்; துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பப் போகிறீர்களா? நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள், 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயதில் சந்தேகம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்குங்கள், பெட்டி கட்டுவது அப்புறம்.