போர்வைக்குள் அடுப்பு எது?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அதனால்தான் கீழே ஃபேன் ஓடுகிற மார்கழி ராத்திரியில், மேலே எட்டு டிகிரி குறைந்து நமக்குக் கம்பளி தேவைப்படுகிறது.

இந்த மாதங்களில் எங்கள் தோட்டத்து வீட்டில் பகலில் கொல்லை வேலை: பீன்ஸ், முள்ளங்கி, தக்காளி நாற்று. விளக்கு வைத்த பிறகு அத்தை பழஞ்சேலைகளை அடுக்கி, நடுவில் பஞ்சு பரப்பிப் போர்வை தைப்பார். இரண்டும் அடிப்படையில் ஒரே வேலை என்பது, ஒரு பாத்தி தக்காளி நாற்றை இழந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம் குளிர் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு நாற்றுக்கும் தலையில் துணி போர்த்தி, தண்டோடு சேர்த்துக் கயிறு கட்டிவிட்டுப் படுத்தேன். இரண்டு மூன்று நாளில் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டுவிட்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "செடிக்குப் போத்தி என்ன கண்ணு பண்றது? மண்ணோட சேத்துப் போத்து" என்றார். அதற்குள் இருக்கும் இயற்பியலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போர்வை சூடு தருவதில்லை. தூங்குகிற ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 80 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று விடாமல் எரிகிற அளவு அது. அந்த வெப்பம் ஓடிப்போகாமல் தாமதப்படுத்துவது மட்டும்தான் போர்வையின் வேலை. அதையும் துணியை விட அதிகமாகச் செய்வது, துணிக்குள் சிக்கிய காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைப் போல இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஈரப் போர்வை எத்தனை கனமாக இருந்தாலும் குளிர்வது இதனால்தான்.

"அசையாத" என்பதுதான் இங்கே முக்கியம். பெரிய இடைவெளியில் காற்றை விட்டால் சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விடும். எனவே காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அடைக்க வேண்டும். பஞ்சு அடிப்பவர் வில்லை வைத்து அடித்து அடித்துப் பொலபொலவென்று ஆக்குவது இதற்குத்தான். பஞ்சின் எடை கூடுவதில்லை, அதற்குள் காற்று கூடுகிறது.

எங்கள் வீட்டில் இலவம்பஞ்சையும் கலப்பார்கள். இலவம் இழை ஒரு நுண்ணிய குழாய். சுவர் மெல்லிசு, உள்ளே முழுக்கக் காற்று. வெளியே மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் ஈரம் சுலபமாக ஒட்டாது. பருத்தி இழையும் காய்க்குள் வளரும்போது குழாய்தான். ஆனால் காய் வெடித்து உலரும்போது அது தட்டையாகி ரிப்பன் போல முறுக்கிக்கொள்கிறது. அதனால் பருத்தியில் காற்று பெரும்பாலும் இழைகளுக்கு நடுவில் இருக்கும். இலவத்தில் இழைக்கு உள்ளேயும் இருக்கும். குறை என்னவென்றால் இலவம் வழுக்கும், ஒரு மூலையில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அதைப் பிடித்து வைப்பது தையல். அத்தை நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் ஊசி ஓட்டுவார். நெருக்கித் தைத்தால் பார்க்க அழகு, ஆனால் தையல் விழுந்த ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். தைத்த போர்வையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் தெரிகிற கோடுகள்தான் குளிர் நுழையும் வழிகள்.

சரி, தக்காளிக்கு வருவோம். நாற்று நம்மைப் போல உள்ளே அடுப்பு வைத்திருக்கும் உயிர் இல்லை. அது தானாக உண்டாக்கும் வெப்பம் மிகமிகக் குறைவு. அதைத் துணியில் சுற்றிக் கட்டினால், அடைத்து வைக்க உள்ளே எதுவும் இல்லை. கொல்லையில் அடுப்பு மண்தான். பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சேமித்து, ராத்திரியில் மெதுவாக வெளியே விடுகிறது. நான் கட்டிய கயிறு, செடியை அந்த அடுப்பிலிருந்து பிரித்துவிட்டது.

இப்போது மூங்கில் சிம்பை வளைத்து ஊன்றி, கோணியை அதன்மேல் போட்டு, ஓரங்கள் தரையில் படும்படி கல் வைத்து அழுத்துகிறேன். மண்ணின் சூடு கோணிக்குள் தங்குகிறது. இலையில் கோணி படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் மட்டும் குளிர் நேராக இறங்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராத்திரியில் எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே வீசும். மேகமோ மஞ்சோ இருந்தால் அதில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் திரும்பி வருவது குறைவு; இலையும் புல்லும் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் விலகிய பிறகு வருவது தை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழிக்குப் பின்னால் இந்த வெறும் வானம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெறும் வானத்தின் கீழே இப்படிக் குளிர்வதை விளக்கிச் சொன்னவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். தோட்டக்காரர்கள் மெல்லிய பாயைப் போட்டுச் செடியைக் காப்பாற்றுவதைப் பார்த்து ஒருகாலத்தில் சிரித்தவர் அவர். அதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். புல்தரையில் நாலு குச்சி நட்டு, ஆறு அங்குல உயரத்தில் மெல்லிய கைக்குட்டையை விரித்துக் கட்டிப் பார்த்தார். அதன் கீழிருந்த புல், வெளியே இருந்த புல்லை விடச் சூடாக இருந்தது. பனித்துளி ஏன் உண்டாகிறது என்ற ஆய்வோடு சேர்த்து 1814-இல் வெளியிட்டார். போன தையில் நானும் ஒரு துண்டை அப்படிக் கட்டிப் பார்த்தேன். காலையில் சுற்றிலும் புல் நனைந்து வெளுத்திருந்தது. துண்டின் கீழே மட்டும் சதுரமாகக் கரும்பச்சை, கையில் ஈரமே ஒட்டவில்லை.

மூடாக்கு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பலரும் தவறிவிடுகிறார்கள். காப்பித் தோட்டத்துச் சருகை மூன்று விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்பினால் வேர் கதகதப்பாக இருக்கும், ஈரமும் காயாது. ஆனால் சருகும் ஒரு போர்வைதான். அது மண்ணின் சூட்டைக் கீழேயே பிடித்துக்கொள்வதால் மேலே நிற்கும் இலைக்கு அது போய்ச் சேராது. கடுங்குளிர் ராத்திரியில் மூடாக்குப் போட்ட பாத்தியில் இலை உயரத்துக் காற்று, வெறும் பாத்தியை விடக் குளிர்ந்திருக்கும். இளநாற்றாக இருந்தால் அந்தச் சில நாட்களுக்குச் சருகை ஒதுக்கிவிட்டு, மண்ணைக் கொஞ்சம் ஈரமாக வைத்து, மேலே கோணி போடுவது நல்லது. ஈர மண் வெப்பத்தை அதிகம் சேமிக்கும். வளர்ந்த செடிக்குச் சருகு அப்படியே இருக்கட்டும். தண்டிலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தால் போதும், இல்லையென்றால் அழுகல் வரும்.

காலையில் வெயில் ஏறியதும் கோணியை எடுத்துவிட வேண்டும். மண்ணுக்கு அடுத்த ராத்திரிக்கான சூடு அப்போதுதான் ஏறும். களம் முழுக்கக் காப்பிப் பழம் காய்கிற சமயம் என்பதால் போர்வைகளுக்கு மதில்தான் இடம். நாலு மணிக்கே அத்தை அவற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் சாய்ந்த பிறகு வெளியே விட்டால் போர்வையும் வானத்தைப் பார்த்துக் குளிர ஆரம்பித்து, பொழுது இருட்டுவதற்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.