யாரும் அழைக்காத ஃபங்ஷனை நீக்குவதற்கு முன்

சில வருடம் ஓடிய பைதான் புராஜெக்ட் எதைத் திறந்தாலும் யாரும் அழைக்காத ஃபங்ஷன்கள் கிடக்கும். ஓடாத கோடு (code) தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். ஆனால் 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. காரணம், 2003-லேயே பயன்பாடு நின்றுபோன கோடை நீக்காமல் வைத்திருந்தார்கள். அதை இயக்கிவந்த ஃபிளாகையே (ஆன்/ஆஃப் சுவிட்ச் மாதிரியான குறி) புது வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போய்ச் சேரவில்லை, அங்கே பழையது ஓடத் தொடங்கிவிட்டது.

பயன்படாத இம்போர்ட், உள்ளூர் வேரியபிள் இரண்டையும் ரஃப் என்ற கோடு சரிபார்க்கும் கருவி பிடித்துவிடும். பெரும்பாலும் யோசிக்காமல் நீக்கலாம். இறக்குமதியாகும்போதே எதையாவது பதிவு செய்யும் மாட்யூல்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷன், கிளாஸ்களுக்கு வல்ச்சர், பயன்படாத கோடைத் தேடித்தரும் கருவி. அது கோடை ஓட்டுவதில்லை, படிக்க மட்டும் செய்யும். ரிட்டர்னுக்குக் கீழே ஒருபோதும் எட்டாத வரிகளுக்கு 100 சதவீத உறுதி, இம்போர்ட்டுக்கு 90, ஃபங்ஷனுக்கும் மெத்தடுக்கும் 60 என்று போடும். நம் வேலையெல்லாம் இந்த 60-ல்தான்.

உதாரணமாக, 'எக்ஸ்போர்ட்_சிஎஸ்வி' என்றொரு மெத்தட். முழுப்பெயரைத் தேடினால் ஒரு இடத்திலும் அழைப்பு இல்லை. ஆனால் வேறொரு ஃபைலில் 'எக்ஸ்போர்ட்_' என்ற சரத்தோடு பயனர் தேர்ந்தெடுத்த வடிவத்தை ஒட்டி, பெயரைச் சரமாகக் கொடுத்தால் மெத்தடை எடுத்துத்தரும் கெட்ஆட்டர் வழியாக அழைத்திருப்பார்கள். ஜாங்கோ சிக்னல், செலரி டாஸ்க், பைடெஸ்ட் ஃபிக்ஸ்சர் எல்லாமே இந்த மாதிரி ஃபிரேம்வொர்க் வழியாக அழைக்கப்படுபவை. அதனால் நான் பாதிப் பெயரை வைத்துத் தேடுவேன், டெம்ப்ளேட், யாமல், கிரான் ஃபைல்கள் உட்பட. அப்புறமும் சந்தேகம் இருந்தால் அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு லாக் வரி போட்டு, யாராவது அழைக்கிறார்களா என்று பார்ப்பேன். எவ்வளவு நாள் காத்திருப்பது? வருடக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் என்றால் ஒரு வாரம் லாக் பார்த்து ஒரு பயனும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வல்ச்சர் பெயரை மட்டுமே பார்க்கிறது. உங்கள் கிளாஸில் 'அப்டேட்' என்று ஒரு மெத்தட் செத்துக் கிடந்தாலும், எங்கோ ஒரு டிக்ஷனரியின் 'அப்டேட்' அழைக்கப்பட்டால் போதும், பட்டியலில் வராது. பொதுப்பெயர்களை நாமேதான் பார்க்க வேண்டும். டெஸ்ட்டுகளும் இதே காரியத்தைச் செய்யும்: ஒரு ஃபங்ஷனை அதன் டெஸ்ட் மட்டுமே அழைக்கிறது என்றால் அதுவும் செத்த கோடுதான். டெஸ்ட் ஃபோல்டரைச் சேர்த்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசத்தில் நிறைய சிக்கும். டெஸ்ட்டுகள் எந்த வரிகளை ஓட்டின என்று காட்டும் கவரேஜ் அறிக்கையை வைத்துக்கொண்டு நீக்குவது வேறு விபரீதம். டெஸ்ட் தொடாத வரி என்பது டெஸ்ட் எழுதாத வரி, அவ்வளவுதான்.

நீக்கும்போது கமென்ட் ஆக்கி வைக்காதீர்கள், கிட் (git) வரலாற்றில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. புது வசதியோடு கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள், திரும்ப எடுப்பது சுலபம். உண்மையிலேயே தேவையானதை வல்ச்சரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம். பிறகு மறுபடி ஓட்டுங்கள். நீக்கிய ஃபங்ஷன் மட்டுமே அழைத்துவந்த இன்னொன்று இப்போதுதான் பட்டியலுக்கு வரும். பட்டியல் காலியானதும் டெப்ட்ரை (deptry) என்ற கருவியை ஓட்டினால், இனி யாருமே இம்போர்ட் செய்யாத பேக்கேஜ்களையும் காட்டிக்கொடுக்கும்.