ஒப்புநிலையா, உறழ்நிலையா?

ஹை, ஹையர், ஹையெஸ்ட். ஆங்கிலப் பெயரடையின் (அட்ஜெக்டிவ்) மூன்று படிகள். மூன்றுக்கும் இயல்புநிலை, ஒப்புநிலை, உயர்வுநிலை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். மொரிசியசில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வாய்மொழி கிரியோல், தேர்வுமொழி ஆங்கிலம். தமிழ்ப் பெயரடையை விளக்க ஆங்கிலத்தைத் துணைக்குக் கூப்பிடாமல் முடியாது. அப்படிக் கூப்பிடும்போது பெயராவது சரியாக இருக்க வேண்டாமா? இயல்புநிலையில் குறையில்லை. மற்ற இரண்டும் தப்பு, அதிலும் நடுவில் நிற்பது பொருளையே கவிழ்த்துப் போடுகிறது.

ஒப்புநிலைக்கு ஆங்கிலத்தில் கம்பேரட்டிவ், உயர்வுநிலைக்கு சூப்பர்லேட்டிவ். கம்பேரட்டிவ் என்பதன் மூலம் லத்தீன். 'கொம்' என்றால் உடன், 'பார்' என்றால் சமம். சூப்பர்லேட்டிவில் 'சூப்பர்' மேலே, 'லாத்துஸ்' கொண்டுபோகப்பட்டது. பார் என்றதும் ஒப்பு, சூப்பர் என்றதும் உயர்வு என்று வேரைப் பிடித்துப் பெயர்த்துவிட்டார்கள். அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஒப்பு என்றால் நிகர். ஒப்பற்றவன் நிகரில்லாதவன். 'பீட்டர் போத் லெ பூஸைவிட உயரம்' என்னும்போது இரண்டு மலையும் ஒக்கவில்லை என்பதுதானே செய்தி? ஒவ்வாததைச் சொல்லும் வடிவத்துக்கு ஒப்பு என்று பெயர் வைத்தால் எப்படி! ஆங்கிலத்தில் மெய்யான ஒப்பைச் சொல்ல 'ஆஸ் ஹை ஆஸ்' என்று தனி அமைப்பே இருக்கிறது. அங்கே பெயரடை இயல்புநிலையில்தான் நிற்கும். 'ஒப்பு வந்தால் ஒப்புநிலை' என்று நம்பிய பிள்ளை 'ஆஸ் ஹையர் ஆஸ்' என்று எழுதுகிறது. சிவப்புக் கோடு பிள்ளைக்கு விழுகிறது. விழவேண்டியது சொல்லைச் செய்தவருக்கு.

இதற்குப் புதுச்சொல் தேடி அலையவும் வேண்டாம். தொல்காப்பியம் 'இன்' உருபு ஏற்கும் ஐந்தாம் வேற்றுமையை 'இதனின் இற்று இது' (இதை நோக்க இது இத்தன்மையது) என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டது. உரைகாரர்கள் அதன் பொருவுதல், அதாவது ஒப்பிடுதல், என்ற பொருளை உவமப்பொரு, உறழ்பொரு என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிரிக்கவேண்டிய தேவை இருந்தது: 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்றால் காக்கைபோலக் கறுப்பு என்றும் கொள்ளலாம், காக்கையைவிடக் கறுப்பு என்றும் கொள்ளலாம். முன்னது உவமை, பின்னது உறழ்வு. ஹையர் என்பது பின்னது. ஆகவே உறழ்நிலை. நன்னூல் 'ஒப்பு' என்றே சொல்கிறதே என்று சிலர் மல்லுக்கு வருவார்கள். நன்னூலார் இரண்டுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் சொன்னார். நமக்கு வேண்டியது இரண்டில் ஒன்றின் பெயர். சொற்கள் சேரும் புணர்ச்சியில், இயல்பாகவும் திரிந்தும் இரண்டு விதமாக வருவதை உறழ்ச்சி என்பது உண்டே என்பதும் பெரிய தடை அல்ல. இடம் பார்த்துப் பொருள் தெரியும். ழகரம் பிள்ளைகள் வாயில் வராது என்பது இன்னொரு வாதம். தமிழ் என்று சொல்லவே அந்த ழகரம் வேண்டும். தாரதம்மியம் என்று வடசொல் ஒன்று உண்டு. ஆங்கில 'எர்', 'எஸ்ட்' போன்ற 'தர', 'தம' என்ற சமஸ்கிருத விகுதிகள் இரண்டும் சேர்ந்து பிறந்தது. பொருத்தமான சொல்தான். ஆனால் வீட்டில் உறழ்பொரு இருக்கும்போது அடுத்த வீட்டில் கடன் கேட்பானேன்?

அடுத்தது உயர்வுநிலை. ஸ்மாலெஸ்ட், வொர்ஸ்ட், லீஸ்ட் மூன்றும் சூப்பர்லேட்டிவ்தான். ஆகக் கடைசியில் கிடப்பதில் என்ன உயர்வு? உச்சநிலை என்றாலும் அதே கோளாறு. எல்லைநிலை என்று சொல்லலாம். எல்லை மேலும் உண்டு, கீழும் உண்டு.

பெயர் தெளிந்தால் வடிவமும் தெளியும். ஓரசைச் சொல்லில் ஒற்றை உயிரெழுத்தும் அதன்பின் ஒற்றை மெய்யும் நின்றால், 'எர்', 'எஸ்ட்' சேரும்போது அந்த மெய் இரட்டிக்கும்: பிக், ஹாட், தின். க்ளீன் என்பதில் உயிரெழுத்து இரண்டு, ஆகவே இரட்டிக்காது. ஈஸி, ஹேப்பி போன்றவற்றில் ஈற்று 'ஒய்' 'ஐ' ஆகும். பியூட்டிஃபுல் போன்ற நீளச் சொல்லுக்கு முன்னால் மோர், மோஸ்ட். குட், பேட் தனிவழி: பெட்டர், பெஸ்ட், வொர்ஸ், வொர்ஸ்ட். இங்கே வழுக்கல் கிரியோலிலிருந்து வருகிறது. 'லி ப்ளி க்ரான் கி ம்வா' (அவன் என்னைவிடப் பெரியவன்) என்று அநேகமாக எல்லாப் பெயரடைக்கும் 'ப்ளி' ஒன்றே போதும் என்பதால் 'மோர் பிக்' எழுதுகிறார்கள். பிரெஞ்சில் உறழ்நிலைக்கு முன்னால் 'ல' சேர்த்தாலே எல்லைநிலை. அதே பழக்கத்தில் 'த மோர் ஹை' வருகிறது, மோஸ்ட்டும் இல்லை, ஹையெஸ்ட்டும் இல்லை.

தமிழில் பெயரடை மாறாது, சுமையைப் பெயர்ச்சொல் தாங்கும்: அதைவிட, அதனினும், அதைக் காட்டிலும், எல்லாவற்றிலும். இது தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள் கையில் கிடைத்த 'மிக'வைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். பெத்தித் ரிவியேர் நுவார் சிகரம் 828 மீட்டர். அதை 'மொரிசியசின் மிக உயரமான மலை' என்று எழுதுகிறார்கள். மிக உயரம் என்றால் ரொம்ப உயரம், அவ்வளவுதான். 820 மீட்டர் பீட்டர் போத்தும் இந்தத் தீவுக்கு மிக உயரமான மலைதான். 'மொரிசியசிலேயே உயரமான மலை' என்று எழுதினால் அந்த ஏகாரம் மற்ற மலைகளையெல்லாம் விலக்கிவிடும். மோர் பியூட்டிஃபுல்லை 'மேலும் அழகான' என்று பெயர்ப்பவர்களோ இன்னும் ஒரு படி கீழே. மேலும் என்றால் அதற்குமேல் கூடுதலாக. எதைவிட என்ற கேள்விக்கு அதில் விடையே இல்லை.