இன்று பறக்க முடியாது

ஹெலிகாப்டர் விமானியாக விரும்பும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் விசாரிப்பது செலவு, கண்பார்வை, பிளஸ் டூ பாடங்கள். இவற்றுக்குப் பதில் சொல்வது சுலபம். இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். விமானிகளுக்கான முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவத் தகுதி வேண்டும். சம்பளத்துக்குப் பறப்பதற்கான வணிக விமானி உரிமம் பெற 150 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். பணம் லட்சக்கணக்கில் போகும். இதோடு இன்னொன்றையும் விசாரியுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வானம் சரியில்லாத நாளில் கிளம்ப மறுப்பதற்கும், கிளம்பிய பிறகு பாதியில் இறங்கிவிடுவதற்கும் அந்தப் பிள்ளைக்கு எங்கே பழக்கம் வரப்போகிறது?

பயிற்சியின் தொடக்க வாரங்கள் முழுவதும் கைகால்களுக்கான வேலை. இடக்கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ், வலக்கையில் போகும் திசைக்குச் சாய்க்கும் சைக்ளிக், காலடியில் மூக்கைத் திருப்பும் பெடல். தரைக்குச் சில அடி மேலே அசையாமல் நிற்க வைப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். அடுத்து ஆட்டோரொடேஷன், அதாவது எஞ்சின் இல்லாமல் இறங்கும் முறை. எஞ்சின் நின்ற மறுகணமே கலெக்டிவை இறக்க வேண்டும். கீழிருந்து மேலேறும் காற்று ரோட்டரை, அதாவது தலைக்கு மேலுள்ள இறக்கைகளை, சுழற்றிக்கொண்டே இருக்கும். தரை நெருங்கும்போது அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெல்ல இறங்கலாம். பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எனக்கு எஞ்சினைவிட மேகத்தைக் கண்டால்தான் பயம்.

பயிற்சியில் நாங்கள் தவறாமல் செய்து காட்டும் ஒன்று உண்டு. மாணவனைத் தலை குனிந்து கண்களை மூடிக்கொள்ளச் சொல்வேன். இயந்திரத்தை மிக மெதுவாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போவேன்.

“தம்பி, இப்போது எப்படிப் பறக்கிறோம்?”

“நேராகப் போகிறோம், சார்.”

“கண்ணைத் திறந்து பாருங்கள்.”

இயந்திரத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவி நன்றாகச் சாய்ந்து கிடக்கும். அவன் அதை நேராக்குவான். நேரானதும் வலப்பக்கம் கவிழ்வதாக அவனுக்குத் தோன்றும். கை தானாகவே மறுபடியும் இடப்பக்கம் போகும். ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தைக்குத் தரை சுற்றுவதும் இதே காரணத்தால்தான். உள்காதில் இருக்கும் திரவம் மெதுவான திருப்பத்தை உணர்வதில்லை, திருப்பம் நின்றதையும் உடனே உணர்வதில்லை. வெளியே அடிவானம் தெரியும்வரை கண் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மேகத்துக்குள் நுழைந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து பழகாத 20 பேரைச் சிறு விமானத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி பறக்க வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில் அது நடந்தது. சிறிய ஹெலிகாப்டர் விமானத்தைவிட நிலையற்றது. தானியங்கி உதவி இல்லாத இயந்திரத்தில் சைக்ளிக்கை விட்டுவிட்டால் சில நொடிகளில் அது தன் போக்கில் போய்விடும்.

அனுபவம் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்தில், விமானி 8,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். மேகத்துக்கு மேலே ஏறுவதாக விமானக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னார். அதன் பின் இயந்திரம் இடப்பக்கம் திரும்பிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவரை யாரும் வற்புறுத்தியதற்கு விசாரணையில் சான்று கிடைக்கவில்லை. எடுத்த காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவரே தன்மேல் ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைத்தான் அறிக்கை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. நம் ஊரில், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரைப் பலிகொண்ட விபத்தில், இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் எதுவும் இல்லை என்று விமானப்படை விசாரணை கூறியது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் வந்த திசைமயக்கமுமே காரணம் என்றது. நீலகிரியில் வாழ்பவர்களுக்கு அந்த மேகம் எவ்வளவு வேகமாக ஏறிவரும் என்று தெரியும்.

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை தேவையில்லை. மேகம் இறங்குகிறதா, முன்னால் ஒரு பள்ளி மைதானமோ தரிசு நிலமோ தெரிந்தால் இறங்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு உட்காரலாம். விமானங்களுக்குக் கிடைக்காத வசதி இது. அப்படியிருந்தும் இறங்காமல் போகிறோம் என்றால் அதற்குக் காரணம் வேலைச் சூழலில் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தத் தொழில் குறுகியது. சிவில் நிறுவனங்களில் பறப்பவர்களில் பெரும்பாலோர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள். அரக்கோணத்தில் கடற்படையும், ஹக்கிம்பேட்டையில் விமானப்படையும், நாசிக்கில் தரைப்படையும் உருவாக்குகிற விமானிகள் ஆயிரக்கணக்கான மணிநேரத்துடன் வருகிறார்கள். 150 மணிநேர உரிமத்துடன் வரும் இளைஞர் அவர்களோடுதான் போட்டியிட வேண்டும். கடன் வாங்கிப் படித்து, நீண்ட நாள் காத்திருந்து கிடைத்த முதல் வேலையில் ‘இன்று முடியாது’ என்று சொல்ல அவருக்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பறந்த மணிநேரத்தைப் பொறுத்துச் சம்பளம் கூடும் ஒப்பந்தமானால் இன்னும் கடினம்.

தேர்தல் காலத்தில் ஹெலிபேடில் நின்றிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கூட்டம் காத்திருக்கிறது, தலைவர் காரில் வந்துவிட்டார், உதவியாளர் ஓடி வருகிறார். “என்ன கேப்டன், வெயில் அடிக்கிறதே, கிளம்பலாமே?” இங்கே வெயில்தான், ஐயா. போகிற வழியில் மலை மூடியிருக்கிறது. இதைத் தணிந்த குரலில், அதே சொற்களில் மூன்று தடவை சொல்லத் தெரிய வேண்டும். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி நல்லமலைக் காட்டில் மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்ததை நாடே பார்த்தது.

சக விமானிகளின் பங்கு இங்கேதான் பெரிது. 3,500 மீட்டருக்கு மேல் இருக்கும் கேதார்நாத்துக்கு ஒரே குறுகிய பள்ளத்தாக்கு வழியாகப் பல நிறுவனங்களின் ஹெலிகாப்டர்கள் போய்வருகின்றன. எங்கே இருக்கிறோம், மேகம் எங்கே இறங்குகிறது என்று வானொலியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேதான் பறக்க முடியும். மூத்தவர் ஒருவர் ‘நான் திரும்புகிறேன்’ என்று அறிவித்தால் பின்னால் வருகிற இளையவருக்கும் திரும்புவது எளிதாகிவிடும். முன்னால் போன மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டால், நான்காமவர் தன் கண்ணை நம்பாமல் அவர்கள் போனதை நம்பிப் போய்விடுவார். 2022 அக்டோபர் 18 அன்றும் 2025 ஜூன் 15 அன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் ஏழேழு பேர் இறந்தார்கள். இரண்டுமே பார்வைத்தூரம் குறைந்திருந்த நேரங்கள்.

மாலையில் விடுதி அறையில் தேநீருடன் பேசும்போது, திரும்பி வந்தவரைக் கேலி செய்யும் குழு எது, ‘நல்ல முடிவு’ என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போகும் குழு எது என்பதை அங்கே கொஞ்ச நாள் இருந்தாலே கண்டுகொள்ளலாம். முதல் வகைக் குழுவில் சேர நேர்ந்த மாணவர்களிடம், வேறு இடம் கிடைத்ததும் மாறிவிடுங்கள் என்றே சொல்லியிருக்கிறேன். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: வானிலையால் ரத்தான பயணத்துக்குச் சம்பளம் பிடிப்பீர்களா? வழியில் வயலில் இறங்கிவிட்டால் யாரை அழைக்க வேண்டும்? கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியை ஆண்டுக்கு எத்தனை முறை புதுப்பிப்பீர்கள்? பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தைப் பற்றி அங்கே வேலை செய்து விலகியவர்களிடம் விசாரியுங்கள்.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கேதார்நாத் டிக்கெட் எடுக்கும்போதே ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சேவையை நிறுத்திவிட்டார்கள் என்று கவுன்ட்டரில் சத்தம் போடாதீர்கள். உள்ளே இருக்கும் விமானிக்கு அது கேட்கும். உடல் இடம் கொடுத்தால் கௌரிகுண்டிலிருந்து நடந்தோ குதிரையிலோ போகலாம், இல்லையென்றால் மறுநாள் வரை காத்திருங்கள்.